பிஷப்பின் கயிறு

தவக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் மனிதர்கள் இறைச்சியைக் குறைத்துக்கொள்வார்கள். ஆடுகளுக்குச் சாப்பாடு கூடிவிடும். பக்கத்து வீட்டு இஸ்மே ஒரு அடுப்பில் கருவாட்டை வேகவைத்து உப்பை இறக்கிக்கொண்டிருப்பாள். மற்ற அடுப்பில் பிஷப்புக்குச் சோளம் வெந்துகொண்டிருக்கும். பிஷப் என்பது அவள் புருஷன் ஓஸ்வினின் கிடா. உடம்பெல்லாம் கறுப்பு. கழுத்தில் மட்டும் பாதிரியாரின் பட்டைபோல ஒரு வெள்ளை. நடையிலும் ஒரு பெரிய மனுஷத்தனம் உண்டு. யாராவது வழியில் நின்றால் முட்டாது, அவர்கள் விலகும்வரை காத்திருக்கும்.

டொபேகோவில் எங்கள் கரைப் பக்கம் ஈஸ்டருக்கு மறுநாள் விட்டு மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஆட்டுப் பந்தயம். ஜாக்கி ஆட்டின் மேல் ஏறுவதில்லை. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் கூடவே ஓட வேண்டும். கயிறு கையில் இருந்தால்தான் ஓட்டம் செல்லும். ஆடு முதலில் வந்து கயிறு தரையில் கிடந்தால், அந்த ஆடு அன்றைக்கு வரவேயில்லை என்றுதான் எழுதிக்கொள்வார்கள். கயிற்றை விட்ட ஜாக்கியை அடுத்த ஈஸ்டர்வரை ஊர் விடாது.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தகர வேலி மட்டும். என் புருஷன் நெவிலின் படகு, இந்தக் கதை நடந்த ஈஸ்டருக்கு முந்தைய மழைக்காலத்தில் ஆளில்லாமல் கரைக்கு வந்தது. அதன்பிறகு என் வீட்டில் வானொலியைத் தவிர யாரும் பேசவில்லை. அந்த வீட்டிலோ விடிவதற்கு முன்பே சத்தம் ஆரம்பித்துவிடும். வாளி, ஆடு, இஸ்மேயின் வசவு, ஓஸ்வினின் இருமல், இரண்டு பிள்ளைகளின் சண்டை. நான் விற்கும் தேங்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சண்டையைக் கேட்டு வயிறெரிந்திருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு பிள்ளைகளில் ஆன்செல் அவர்கள் பெற்றவன். வெர்லின், இஸ்மேயின் தங்கை க்ளெண்டா பெற்றவள். க்ளெண்டா நியூயார்க்குக்கு வேலைக்குப் போனபோது நான்கு வயதில் விட்டுவிட்டுப் போனாள். அந்த ஈஸ்டரில் இரண்டு பேருக்கும் பதினாறு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் க்ளெண்டா அனுப்பும் பீப்பாய் வரும். அதில் அரிசி, சோப்பு, துண்டு, வெர்லினுக்கு ஒரு ஜோடி ஷூ. ஆன்செலுக்கும் ஏதாவது இருக்கும். ஆனால் அவனுடைய கால் அளவு க்ளெண்டாவுக்கு ஒருநாளும் சரியாகத் தெரிந்ததில்லை.

அந்த வருஷம் வெர்லினுக்கு அம்மாவிடம் போவதற்கான அனுமதி கூடி வந்திருந்தது. ஜூன் மாதம் டிரினிடாட் போய் அமெரிக்கத் தூதரகத்தில் ஒரு நேர்காணல் முடிந்தால் போதும்.

"ஷூவும் அவளுக்கு, ஊரும் அவளுக்கு," என்பான் ஆன்செல்.

"உனக்குத்தான் பிஷப் இருக்கே," என்பாள் இஸ்மே.

ஆமாம், பிஷப்பின் ஜாக்கி ஆன்செல்தான். அது ஒன்றுதான் அவனுக்கென்று இருந்தது. ஓஸ்வினும் இளவயதில் ஜாக்கியாக ஓடியவர். கரைவலை இழுக்கும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்கு அந்த ஆடுதான். காலையில் அதைக் கடலில் நீந்தவிட்டு, வலைக்குப் போகிற நாளில் அந்த வேலையை வெர்லினிடம் விட்டு, கால்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து, சாயங்காலம் மகனிடம் கயிற்றைக் கொடுப்பார். மகன் சாலையில் ஓட்டுவான். முன்பெல்லாம் சாலையில் ஓட்ட வேண்டியதில்லை. பழைய தென்னந்தோப்பின் ஓரமாகக் கடலை ஒட்டி நீளமாக ஒரு புல்வெளி இருந்தது. ஊர் ஆடுகளெல்லாம் அங்கேதான் பழகும். தோப்பை வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஓட்டல் கட்ட வாங்கி, கம்பி வேலி போட்டு, அத்துமீறி நுழைந்தால் வழக்கு என்று பலகையும் வைத்துவிட்டார்.

தவக்காலத்தின் நடுவில் சாலையில் ஒரு ஒத்திகை ஓட்டம் நடந்தது. பிஷப் கடைசிக்கு முந்தி வந்தது.

"கால்ல என்ன, சீமைப்பலாவையா கட்டிக்கிட்டு ஓடறே?" என்றார் ஓஸ்வின்.

"அது களைச்சுப் போயிருக்குப்பா. நான் இழுக்கறேன், அது வரமாட்டேங்குது."

"இழுக்கறதுக்கு அது என்ன வலையா? கூட ஓடணும். கிடா களைக்கல. நீதான் களைச்சிருக்கே."

ஆடு களைத்துத்தான் இருந்தது. காரணம் அவனுக்கு இரண்டு நாளில் தெரிந்தது. கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். வெர்லினின் பாவாடை விளிம்பு முழுக்க ஒட்டுப்புல் விதை. எங்கள் பக்கம் வறட்சிக் காலத்தில் புல்லே கருகிக் கிடக்கும். மனிதர் கால் படாத இடத்தில்தான் ஒட்டுப்புல் அப்படி மண்டும். அது வேலிக்கு உள்ளே இருக்கிற பழைய புல்வெளி மட்டும்தான்.

மறுநாள் விடியலில், ஓஸ்வின் வலைக்குப் போனபின், ஆன்செல் வெர்லினுக்குத் தெரியாமல் பின்னால் போனான். கடல் பக்கம் அலை வேலியைச் சரித்து ஒரு சந்து விட்டிருந்தது. வெர்லின் பிஷப்பை முதலில் நீந்தவிட்டாள். பிறகு அந்தச் சந்து வழியாக உள்ளே கூட்டிப்போனாள். ஆன்செல் வெளியே இருந்த வாதாமரத்தில் ஏறி, வேலிக்கு உள்ளே நீண்டிருந்த கிளையில் உட்கார்ந்து பார்த்தான்.

என்ன பார்த்தான் என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் போய்ப் பார்த்தான். அன்று மத்தியானம் ஓட்டல் கட்டும் இடத்து வாசலுக்குப் போய்க் காவலாளி கட்ஜோவிடம் பேச்சுக் கொடுத்தான். கட்ஜோ எங்கள் ஊர்க்காரர்தான். ஓஸ்வினோடு பள்ளியில் படித்தவர். நிழலில் உட்கார்ந்து மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் கட்ஜோ, கடல் பக்கம் வேலியப் பாத்தீங்களா?"

"ஏன், வேலிக்குக் காய்ச்சலா?"

"விழுந்து கிடக்கு. விடியக்காலைல யாரோ ஆட்ட ஓட்டிக்கிட்டு உள்ள வராங்க."

"யாரோன்னா?"

"யாரோதான்."

கட்ஜோ மீன் முள்ளை எடுத்து இலையில் வைத்தார். "ஆட்டுக்கார வீட்டுப் பையன் ஆட்டப் பத்திக் கோள் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். சரி, போ."

கட்ஜோ போய் ஒரு சத்தம் போடுவார், அவள் பயந்து ஓடிவருவாள், அத்தோடு பிஷப் மறுபடி தன் கைக்கு வந்துவிடும் என்று அவன் நினைத்தான். ஆனால் போன வாரம்தான் அங்கே தண்ணீர் மோட்டார் திருடு போயிருந்தது. யார் வருவதாகத் தெரிந்தாலும் உடனே போலீசுக்குச் சொல்லவேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. கட்ஜோவுக்கும் பிள்ளைகுட்டி உண்டு. சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியலில் தென்னைகளுக்கு நடுவில் ஜீப் நின்றதை மரத்தில் இருந்த ஆன்செல்தான் முதலில் பார்த்தான். வெர்லின் புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கிக் கத்தினார்கள். பிஷப் மிரண்டு வேலிக்கு எதிர்ப்பக்கம் பாய்ந்தது. வேலிச் சந்து அவளுக்குப் பத்தடியில் இருந்தது. கயிற்றை விட்டிருந்தால் ஒரே தாவலில் கடற்கரைக்கு வந்திருக்கலாம். கரை எல்லோருக்கும் பொது, அங்கே யாரும் தொட முடியாது. அவள் விடவில்லை. விழுந்தாள். ஆடு அவளை வயிற்றோடு இழுத்துக்கொண்டு போனது. அப்போதும் விடவில்லை.

"விடு! கயித்த விடு!" என்று கத்திக்கொண்டே ஆன்செல் மரத்திலிருந்து உள்ளே குதித்தான்.

இப்படியாக இரண்டு பேரும் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள்.

*

செய்தி வந்தபோது ஊரே கரைவலையில் இருந்தது. ஓஸ்வின் இடுப்புவரை நனைந்த துணியோடு அப்படியே நடந்தார். இஸ்மே அடுப்பை அணைக்க மறந்து ஓடினாள். நான் போய் அணைத்துவிட்டுப் பின்னால் போனேன். போலீஸ் நிலையத்தில் கொடிக்கம்பத்தில் பிஷப்பைக் கட்டியிருந்தார்கள். அது செம்பருத்தி வேலியைப் பாதி தின்று முடித்திருந்தது.

"இதையும் உள்ள போட்டு வழக்கெழுதுங்க சார்," என்று வாசலில் யாரோ சொன்னார்கள். "அரசாங்கச் சொத்தத் தின்னுக்கிட்டிருக்கு."

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெர்லினின் முழங்கை தோல் உரிந்து, சட்டை முன்பக்கம் முழுக்க மண். இஸ்மே உள்ளே நுழைந்ததும் அழ ஆரம்பித்தாள். ஓஸ்வின் முதலில் ஆட்டின் நான்கு கால்களையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். வெர்லினின் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கயித்த விட்டியா?"

"இல்ல அங்கிள்."

"விழுந்தப்பவும்?"

"விழுந்தப்பவும்."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் சிரிப்பு வரவில்லை, ஆனால் வந்துவிடப் பார்த்தது. அதை ஆன்செலும் பார்த்தான், நானும் பார்த்தேன். மகனிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவன் என்ன கத்தினான் என்று போலீஸ்காரர்களே ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

அத்துமீறல் என்று வழக்கெழுதிக்கொண்டு இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே கேலி ஆரம்பித்துவிட்டது. ஆன்செல் ரொட்டி வாங்க என் வீட்டுக்கு வந்தால், தெருவில் சைக்கிளில் போகிற பையன் "கயித்த விடு!" என்பான். கிணற்றடியில் பெண்கள் சிரிப்பார்கள். சின்னப்பிள்ளைகள் நாய்க்குட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு அவன் வரும்போது வேண்டுமென்றே கயிற்றை விடுவார்கள். ஜாக்கி ஒருவனுடைய வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எங்கள் ஊர் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

மறுநாள் விடியலில் வெர்லின் முழங்கையில் கட்டோடு பிஷப்பை நீந்தக் கூட்டிப்போனாள். ஓஸ்வின் அவளோடு போனார். மகனைக் கூப்பிடவில்லை.

*

இஸ்மே என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். அவளால் சும்மா உட்கார முடியாது. என் மாவை இழுத்து வைத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

"தண்டனை பெருசா இருக்காதாம் மிஸ் ஓரா. ஆனா குற்றவாளின்னு பதிஞ்சுட்டாங்கன்னா தூதரகத்துல அவளத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு அந்த இலவச வக்கீல் சொல்றாரு. அப்புறம் எப்பவும் போக முடியாதாம்."

"மேலாளரப் போய்ப் பாத்தியே, என்ன சொன்னாரு?"

"வாசல்லயே நிக்க வச்சாரு. மோட்டார் எங்கன்னு கேட்டாரு. மோட்டார எங்க ஆடு தின்னுச்சான்னு நான் கேட்டேன். அதோட முடிஞ்சுது."

"உன் வாய் இருக்கே!"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு க்ளெண்டாகிட்ட சொல்லுவேன்? ஏற்கனவே ஃபோன்ல, 'அக்கா, பிள்ளைக்கு முட்டை குடுக்கறியா'ன்னு கேக்கறவ அவ. முட்டை! பன்னெண்டு வருஷம் நான் தலை பின்னிவிட்டேன். அம்மைபோட்டப்ப நான் மடில வச்சிருந்தேன். வளத்தது நான். அங்க விமான நிலையத்துல நின்னு 'எம் பொண்ணு'ன்னு கட்டிப்பிடிக்கப் போறது அவ." மாவை ஓங்கிப் பலகையில் அறைந்தாள். "ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நெனச்சேன் மிஸ் ஓரா. போகாம இருந்துட்டாத்தான் என்னன்னு. கடவுள் என்ன மன்னிக்கட்டும்."

"மாவ விடு. கல்லாப் போயிடும்."

"உங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்ல," என்றாள். சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்து, மாவுக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.  நான் அவள் பிசைந்த மாவை எடுத்துத் தகரத்தில் போட்டேன்.

வழக்கு நாளுக்கு முன்னால் ஒருநாள் சங்கு ஊதியது. வலை கரைக்கு வருகிறது, கை கொடுக்க வாருங்கள் என்று அர்த்தம். கயிற்றில் கைவைத்து இழுத்த எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு. பாதியில் விட்டுப் போனவனுக்குக் கிடையாது. காற்று பலமாக இருந்தது. கயிற்றில் முன்னால் வெர்லின், நாலு பேர் தள்ளி ஆன்செல்.

"ஆன்செல் வந்துட்டான், எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்றான் ஒருவன். "விடச் சொல்லிடப் போறான்."

கயிறு முழுக்கச் சிரிப்பு ஓடியது. கயிறே குலுங்கியது.

வெர்லின் திரும்பாமலேயே சொன்னாள்: "அவன் ஏதோ பயந்து கத்தினான். அவன் கத்தினா என்ன? நான் விடலல்ல, அவ்வளவுதான். இழுங்க."

அவனுக்குப் பரிந்துதான் அப்படிச் சொன்னாள். ஆன்செலின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை பேர் சிரித்ததுகூட, அவள் பரிந்து பேசிய அளவுக்கு அவனுக்கு வலிக்கவில்லை. அவன் அன்று கடைசிவரை இழுத்தான். ஆனால் தன் பங்கு மீனை வாங்காமல் போய்விட்டான். இஸ்மே வாங்கிவந்து எலுமிச்சை தேய்த்து வறுத்தாள். அதையும் அவன் தொடவில்லை.

*

ஸ்கார்பரோ நீதிமன்றத்துக்கு நாங்கள் பேருந்தில் போனோம். இஸ்மே தேவாலயத் தொப்பி போட்டிருந்தாள். ஓஸ்வின் வரமாட்டார், ஆட்டை யார் பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தோம். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. தோளில் பூச்சி அரித்த ஓட்டை. தேவாலயத்தில் ஆன்செலுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று, வலை இருக்கிறது என்று வராமல் போனவர் அவர். பேருந்தில் ஆன்செல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வயது குறைந்தவர்கள் என்பதால் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார்கள். இஸ்மே என்னையும் வீட்டு ஆள் என்று சொல்லி உள்ளே இழுத்துக்கொண்டாள். நீதிபதி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். மெதுவாகப் பேசினார். கட்ஜோ சாட்சிக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நீதிபதி வெர்லினை முதலில் கேட்டார்.

"பலகையப் படிச்சியாம்மா?"

"படிச்சேன் மேடம்."

இலவச வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"படிச்சும் ஏன் உள்ள போனே?"

"புல்லு அங்கதான் இருக்கு மேடம். ரோட்டுல ஓடினா ஆட்டுக்குக் குளம்பு தேஞ்சிடும்."

"சட்டத்துல ஆட்டுக் குளம்பப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

"தெரியும் மேடம். தப்புதான். நான்தான் போனேன். அவன் எனக்காகத்தான் உள்ள குதிச்சான். அவனுக்கு ஒண்ணும் பண்ணாதீங்க."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். எனக்குப் பின்னால் ஓஸ்வினின் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார், பந்தயத்தில் கடைசி நூறடிக்கு உட்காருவதுபோல. இஸ்மே என் கையை நசுக்கினாள். முடிந்தது, எல்லாம் போயிற்று என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"மேடம், நான்தான் போகச் சொன்னேன்," என்றான் ஆன்செல்.

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார்.

"காவல்காரர்கிட்ட நான் பேசிட்டேன், போலாம்னு அவகிட்ட சொன்னேன். அதான் போனா. பலகைய அவ படிச்சா. ஆனா நான் அனுமதி வாங்கிட்டேன்னு நம்பினா."

வெர்லின் வாயைத் திறந்தாள். அவன் அவள் பாதத்தை மிதித்தான். கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே மிதித்தான்.

"மிஸ்டர் கட்ஜோ," என்றார் நீதிபதி. "இந்தப் பையன் உங்ககிட்ட பேசினானா?"

கட்ஜோ எழுந்தார். ஆன்செலை வெகுநேரம் பார்த்தார். அவன் கீழே பார்க்கவில்லை. நேராக அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். காது மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"பேசினான் மேடம்."

"எதப் பத்தி?"

"ஆட்டப் பத்தி. கடல் பக்கம் வேலி விழுந்திருக்குன்னும் சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் சரின்னேன், மேடம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அனுமதி இருப்பதாக நம்பிப் போன பெண் மேல் குற்றம் இல்லை என்று வழக்கைத் தள்ளினார். பையனை எழுத்து மூலம் கண்டித்து, ஒரு வருஷம் நன்னடத்தையோடு இருக்க வேண்டும், அந்த வேலிக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வெர்லினுக்குப் போக ஊர் இருந்தது, கெட்டுப்போக விசாக் காகிதம் இருந்தது. ஆன்செலுக்கு இரண்டும் இல்லை.

வெளியே படிக்கட்டில் ஓஸ்வின் மகனை நிறுத்தினார்.

"நெசமாவே நீதான் அவளப் போகச் சொன்னியா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா. நானும் வந்து பாத்திருப்பேன்ல." அவன் தோளில் கையை வைத்து ஒரு தடவை உலுக்கினார். "நல்லாப் பேசினே."

வழியில் கடையில் எல்லோருக்கும் நண்டும் மாவுருண்டையும் வாங்கிக் கொடுத்தார். அவன் கேட்க ஏங்கியிருந்த வார்த்தை அன்று கிடைத்தது. நண்டுக் காலை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், உறிஞ்சவில்லை.

பல வருஷம் கழித்து, மார்பு நோயில் கிடந்தபோது, ரொட்டி கொண்டுபோன என்னிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். கட்ஜோவிடம் போனது, மீன் தலை, எல்லாம். கோர்ட்டில் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நல்லவனாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"பொறுக்கல மிஸ் ஓரா," என்றான். "தண்டனை வாங்கறதுலகூட அவதான் முன்னால நின்னா. அப்பா எப்படி நகந்து உக்காந்தாரு பாத்தீங்கல்ல? அது ஒண்ணாவது எனக்கு வேணும்னு தோணுச்சு."

இப்போது ஓஸ்வினும் இல்லை, இஸ்மேயும் இல்லை. ஆன்செலும் போன மழைக்காலத்தில் போய்விட்டான். தகர வேலிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.

*

அந்த வருஷம் ஈஸ்டர் செவ்வாய் நல்ல வெயில். பந்தயத் திடலில் வறுத்த மீன், கோழி, ரம் வாசனை. ஓஸ்வின் பந்தயக் குழுவிடம் போய், பெண்பிள்ளை ஓடினால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். "அப்ப உன் பொண்டாட்டியும் ஓடட்டுமே, ஓஸ்வின்," என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஆன்செல்தான் வெள்ளைக் கால்சட்டையும் சிவப்பு மேல்சட்டையும் போட்டுக் கயிற்றோடு நின்றான். வெர்லின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மணி அடித்ததுமே கூட்டம் ஆரம்பித்தது. "கயித்த விடு! ஆன்செல், கயித்த விடு!" பெண்கள், கிழவர்கள், கையில் ஐஸ்கட்டி வைத்திருந்த குழந்தைகள் எல்லோரும் கத்தினார்கள். பாதி தூரம்வரை பிஷப் முன்னால்தான் வந்தது. அப்புறம் தடுப்போரம் வெர்லினைப் பார்த்துவிட்டது. நேராக அவள் பக்கம் வெட்டித் திரும்பியது. ஆன்செல் விழுந்தான். ஆடு அவனை இழுத்துக்கொண்டு போனது, முகம், மார்பு, முழங்கால் எல்லாம் புழுதியில். கயிறு அவன் உள்ளங்கையில் ஓடி அறுத்தது. கூட்டத்தின் கத்தல் ஓய்ந்து, பிறகு வேறு மாதிரி எழுந்தது. அவன் எழுந்தான். மறுபடி விழுந்தான். கடைசி ஆடாகக் கோட்டைத் தாண்டியபோது கயிறு அவன் கையில் இருந்தது.

ஓஸ்வின் வந்து ஆட்டின் காலைத் தடவினார். அப்புறம் மகனின் விரல்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் எடுக்கப் போனார்.

என் ரொட்டித் தட்டுக்குப் பின்னால், ஒரு மர நிழலில் அவனை உட்காரவைத்தேன். கயிற்றை விடச் சொன்னால் விரல் பிரியவில்லை. வெர்லின்தான் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். நான் கற்றாழையைக் கீறி உள்ளங்கையில் தடவினேன்.

"எத்தனை நாள் பாத்தே?" என்றாள்.

"எத?"

"மரத்து மேலேருந்து."

அவன் காலால் மண்ணைக் கிளறினான்.

"போலீஸ் மேல பாக்கவேயில்ல," என்றாள். "நீ குதிக்காம இருந்திருந்தா உன்ன யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது, கட்ஜோகிட்ட யார் போனான்னு."

நான் தடவுவதை நிறுத்தவில்லை. பிஷப் கீழே கிடந்த ஒரு காகிதத் தட்டை மெல்ல ஆரம்பித்தது. அவன் கையை இழுத்துக்கொள்வான், எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை.

வெர்லின் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான் ஓடி யாருமே பாத்ததில்ல ஆன்செல். நீ ஒருத்தன்தான் பாத்திருக்கே," என்றாள். "எப்படி இருந்துச்சு?"

தூரத்தில் அடுத்த ஓட்டத்துக்கு மணி அடித்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் ஓடியது. அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிஷப் திரும்பித் திரும்பி உன்னையே பாத்துச்சு," என்றான். "நீ எங்க பின்தங்கிடுவியோன்னு. எங்கூட ஓடறப்ப ஒரு தடவகூட அது திரும்பினதில்ல." அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ பின்தங்கவே இல்ல."

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் வெர்லின்.

கற்றாழை எரிகிறது என்று என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பிறகு, அவள் கேட்டபடியே, முதலிலிருந்து சொன்னான்.